புயலின் அரிச்சுவடி

ஆங்கிலத்தில் புயலைக் குறிக்க வழங்கும் ‘சைக்குளோன்’ என்னும் சொல் மிகப் பழைய சொல் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அப்படி ஒரு சொல்லை எந்த மாலுமியும் கேட்டதில்லை. அதை உருவாக்கி 1848ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலின் வழியாக உலகுக்குத் தந்தவர் ஹென்றி பிடிங்டன். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். கப்பலோட்டியாக வாழ்க்கையைத் தொடங்கியவர்.

பிடிங்டன் 1797ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள அக்ஃபீல்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். இளம் வயதிலேயே வணிகக் கப்பலில் சேர்ந்து கிழக்கு நாடுகளுக்குப் பயணமானார். கடலில் உழைத்து உயர்ந்து கப்பல் தலைவர் ஆனார். அக்காலத்தில் கல்கத்தாவிலிருந்து சீனாவுக்குச் செல்லும் கப்பல்கள் வங்கக் கடலைக் கடந்து, மலாக்கா நீரிணை வழியாகச் சென்று, தென்சீனக் கடலில் நுழையும். பாய்மரக் கப்பல்களுக்கு அந்த இரு கடல்களும் எவ்வளவு ஆபத்தானவை என்பதை அக்கடல்களில் சென்றவர் எவரும் நன்கு அறிவர்.

பின்னர் அவர் கடல் வாழ்க்கையை விட்டுக் கல்கத்தாவில் குடியேறினார். அங்கே அவர் செய்யாத வேலை இல்லை எனலாம். மண் வகைகளை ஆராய்ந்தார். இந்தியச் செடிகொடிகளின் பெயர்களைத் தொகுத்து நூலாக்கினார். கனிமங்களைச் சேகரித்துக் காக்கும் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளராக இருந்தார். கப்பல்கள் சேதமடைந்தால் அதன் காரணத்தை விசாரிக்கும் கடல்துறை நீதிமன்றத்தின் தலைவராகவும் பணியாற்றினார். இவ்வளவு வேலைகளுக்கு நடுவில்தான் புயல் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது.

அதற்குக் காரணமாக அமைந்தது ஒரு புத்தகம். கரிபியன் கடலிலுள்ள பார்படோஸ் தீவை 1831ஆம் ஆண்டு ஒரு பெரும்புயல் அழித்தது. இடிந்தவற்றை மீண்டும் கட்ட அங்கு அனுப்பப்பட்ட வில்லியம் ரீட் என்ற படைப் பொறியாளர், இத்தகைய புயல்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராயத் தொடங்கினார். அவருக்கு முன்பே அமெரிக்காவில் வில்லியம் ரெட்ஃபீல்டு என்பவர் ஓர் உண்மையைக் கண்டிருந்தார். 1821ஆம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு அவர் நடந்து சென்ற வழியில், ஓர் ஊரில் மரங்கள் ஒரு திசை நோக்கி விழுந்து கிடந்தன. சற்றுத் தொலைவிலுள்ள வேறோர் ஊரில் அதற்கு எதிர்த்திசையில் விழுந்து கிடந்தன. புயல் நேராக வீசும் காற்று அன்று, சுழன்றுகொண்டே நகரும் காற்று என்று அவர் முடிவு செய்தார். ரீட் இக்கருத்தைக் கப்பல் குறிப்பேடுகளைக் கொண்டு உறுதிப்படுத்தி 1838ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அந்நூல் கல்கத்தாவில் பிடிங்டன் கைக்கு வந்தது.

அட்லாண்டிக் கடலில் கண்ட விதி வங்கக் கடலுக்கும் பொருந்துமா? இதுவே அவர் தமக்குத் தாமே எழுப்பிக்கொண்ட கேள்வி. விடை காண அவர் நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1839ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் வங்கக் கடலில் ஒரு புயல் வீசியது. அதில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளை அவர் தேடித் திரட்டினார். ஒவ்வொரு கப்பலும் எந்த நேரத்தில் எங்கு இருந்தது, அப்போது காற்று எத்திசையிலிருந்து வீசியது, காற்றழுத்தமானி என்ன காட்டியது என்பவற்றைக் கடல் வரைபடத்தில் குறித்தார். தனித்தனியே பார்த்தால் பொருளற்ற அக்குறிப்புகள், ஒரே தாளில் வந்தபோது ஒரு வட்டத்தைக் காட்டின. அடுத்தடுத்த நாள்களின் வட்டங்களை வரிசையாக வரைந்தபோது, புயல் நடந்து சென்ற பாதையே தெரிந்தது.

அந்த முதல் ஆய்வுரை கல்கத்தாவின் ஆசியக் கழக இதழில் வெளிவந்தது. பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுரைகளை அவர் எழுதினார். சென்னைக் கடற்கரையைத் தாக்கிய புயல்கள், அந்தமான் கடலில் எழுந்தவை, சீனக் கடலில் அறுபது ஆண்டுகளாக வீசியவை எனப் பலவற்றை ஆராய்ந்தார். ஒரு புயலுக்குப் பத்துக் கப்பல்களின் குறிப்புகள் கிடைத்தால் அது பெரும்பேறு. பல வேளைகளில் இரண்டு மூன்றுதான் கிடைக்கும்; மற்றவை கப்பலோடு மூழ்கியிருக்கும்.

இரண்டு நிகழ்ச்சிகள் அவருடைய ஆராய்ச்சிக்கு மிகவும் துணைபுரிந்தன. 1844ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ‘பிரிட்டன்’, ‘ரன்னிமீடு’ என்னும் இரண்டு கப்பல்கள் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவை நோக்கிச் சென்றன. ஒன்று ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து வந்தது. மற்றொன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. அந்தமான் தீவுகளுக்கு அருகில் ஒரே புயலில் இரண்டும் அகப்பட்டன. ஒன்றைப் பற்றி மற்றொன்று அறியாது. இருட்டில் பாய்மரங்களை இழந்து அலைக்கழிக்கப்பட்ட அவ்விரு கப்பல்களையும், கடல் ஒரே இரவில், ஒரே தீவின் கரையில், கூப்பிடு தூரத்தில் தூக்கி வைத்தது. விடிந்தபோதுதான் ஒரு கப்பலில் இருந்தோர் மறு கப்பலைக் கண்டனர். பெரும்பாலோர் உயிர் பிழைத்தனர்; குறிப்பேடுகளும் தப்பின. வெவ்வேறு திசைகளிலிருந்து வந்த இரண்டு கப்பல்கள் ஒரு புயலின் நடுப்பகுதிக்கு இழுபட்ட வரலாற்றை மணிக்கணக்காகப் பதிவு செய்த சான்று அதற்கு முன் அவருக்குக் கிடைத்ததில்லை.

அடுத்த ஆண்டு நடந்தது இதைவிட வியப்பானது. ‘சார்லஸ் ஹெடில்’ என்ற விரைவுக் கப்பல் 1845ஆம் ஆண்டு பிப்ரவரியில் மொரிஷியஸ் தீவிலிருந்து புறப்பட்டது. புயல் வந்ததும் அதன் தலைவர், காற்று தள்ளும் திசையிலேயே கப்பலை ஓடவிட்டார். காற்று வீசும் திசையில் ஓடினால் விரைவில் புயலைவிட்டு வெளியேறலாம் என்பது அக்கால நம்பிக்கை. ஐந்து நாள் கப்பல் ஓடிக்கொண்டே இருந்தது. ஆயிரம் மைலுக்கு மேல் ஓடியும், நேர்க்கோட்டில் அளந்தால் அது நானூறு மைல்கூடக் கடக்கவில்லை. செக்கு மாடு போல அது புயலின் நடுவை ஐந்து முறை சுற்றி வந்திருந்தது! காற்றின் போக்கில் ஓடுவது தப்பிக்கும் வழி அன்று, சுழலுக்குள்ளேயே கிடக்கும் வழி என்பதை அந்தக் குறிப்பேடு காட்டிவிட்டது. அந்தக் கப்பல் சுற்றிய வளையங்களைப் பிடிங்டன் வரைந்து வெளியிட்டார்.

இந்தச் சுழலுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று அவர் எண்ணினார். அக்காலத்தில் ஒவ்வொரு கடலிலும் ஒவ்வொரு பெயர் வழங்கியது. மெல்லிய காற்றுக்கும் கடும் புயலுக்கும் ஒரே சொல்லைச் சிலர் பயன்படுத்தினர். கிரேக்க மொழியில் வட்டத்தையும் பாம்பின் சுருளையும் குறிக்கும் சொல்லிலிருந்து ‘சைக்குளோன்’ என்பதை அவர் உருவாக்கினார். பாம்புச் சுருள் என்பது பொருத்தமான உவமை. காற்று முழு வட்டமாகச் சுற்றுகிறது என்று அச்சொல் அறுதியிட்டுக் கூறவில்லை. வளைந்து சுருள்கிறது என்று மட்டுமே சொல்கிறது. புயற்காற்று உண்மையில் நடுவை நோக்கிச் சுருண்டு நுழைகிறது என்று பிற்கால ஆய்வாளர்கள் நிறுவினர். ஆதலால் சொல் பிழைபடவில்லை. தமிழில் நாம் வழங்கும் ‘சூறாவளி’ என்ற சொல்லும் சுழன்றடிக்கும் காற்றைத்தானே குறிக்கிறது.

ஆயினும் பெயரைவிட அவர் பெரிதாகக் கருதியது மாலுமியின் உயிரை. புயலின் விதிகளை அறிஞர்கள் மட்டும் படித்தால் போதாது. நடுக்கடலில், ஆடும் தளத்தில், நனைந்த உடையோடு நிற்கும் கப்பல் தலைவருக்கு அவை பயன்பட வேண்டும். இதற்காகவே 1844ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதை விரிவாக்கி 1848ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்டார். அந்நூலின் பெயரில் ‘கொம்பு ஏடு’ என்ற தொடர் வருகிறது. அக்கால இங்கிலாந்தில் குழந்தைகள் எழுத்துப் பயிலும் பலகை அது. எழுத்துகள் அச்சிட்ட தாளை ஒரு கைப்பிடிப் பலகையில் ஒட்டி, அதன்மேல் கண்ணாடி போல் மெல்லியதாகச் சீவிய மாட்டுக் கொம்புத் தகட்டைப் பொருத்துவார்கள். நம் வழக்கில் சொன்னால், மாலுமிகளுக்கான புயல் அரிச்சுவடி.

பெயர் வெறும் வேடிக்கைக்காக வைத்தது அன்று. நூலின் உறையில் உண்மையாகவே ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் இரண்டு இருந்தன. அவற்றில் வட்டங்களும் காற்றுத் திசை அம்புகளும் வரையப்பட்டிருந்தன. ஒன்று நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பயன்படுத்துவதற்கு. மற்றொன்று தெற்கே பயன்படுத்துவதற்கு. ஏனெனில், வடபகுதியில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. தென்பகுதியில் முள் செல்லும் திசையில் சுழல்கிறது.

அதைப் பயன்படுத்தும் முறை எளிமையானது. வங்கக் கடலில் ஒரு கப்பல் இருப்பதாகக் கொள்வோம். காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. காற்றை எதிர்நோக்கி நின்றால், புயலின் நடு வலக்கைப் பக்கத்தில், அதாவது தெற்கே இருக்கும். கப்பல் தலைவர் கடல் வரைபடத்தில் தம் கப்பல் இருக்கும் இடத்தின்மேல் கொம்புத் தகட்டை வைத்து, கிழக்குக் காற்றைக் காட்டும் அம்பு அந்த இடத்தில் அமையுமாறு நகர்த்துவார். தகட்டின் மையம் எங்கு வருகிறதோ அங்கே புயலின் நடு. சில மணி நேரம் கழித்துக் காற்று திசை மாறியதும் மீண்டும் வைத்துப் பார்ப்பார். இரண்டு மையங்களையும் கோட்டால் இணைத்தால் புயல் செல்லும் பாதை தெரியும். கோட்டை நீட்டினால் அடுத்து அது எங்குப் போகும் என்பதையும் ஓரளவு கணிக்கலாம். காற்றின் திசை மாறாமலே இருந்து, காற்றழுத்தம் மட்டும் இறங்கிக்கொண்டே போனால், அதுவே மிகக் கொடிய அறிகுறி. புயல் நேராகக் கப்பலை நோக்கி வருகிறது என்பது அதன் பொருள்.

இதில் குறைகளும் உண்டு. காற்று உள்நோக்கிச் சுருள்வதால், நடு இருக்கும் இடம் தகடு காட்டும் இடத்திலிருந்து சற்று விலகியிருக்கும். காற்றழுத்தம் விரைந்து இறங்குவதற்குக் காரணம் புயல் நெருங்குவதா, இருந்த இடத்திலேயே வலுப்பெறுவதா என்பதை ஒரு கப்பலில் இருந்தபடி பிரித்தறியவும் முடியாது. செயற்கைக்கோளும் கணினியும் உள்ள இன்றும், புயல் செல்லும் பாதையைக் கணிப்பதைவிட அது எவ்வளவு வலுப்பெறும் எனக் கணிப்பதே கடினமாக இருக்கிறது. பிடிங்டன் காலத்தில் ஒரு கப்பலின் செய்தியை மறு கப்பலுக்கு அனுப்பவும் வழி இல்லை. கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குத் தந்திக் கம்பி இயங்கத் தொடங்கியதே 1851ஆம் ஆண்டில்தான். ஆகவே, கரையில் இருப்போருக்கு முன்கூட்டியே புயலை அறிவிப்பது அவரால் இயலாத செயல். கப்பலில் இருப்பவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளக் கைக்கருவி ஒன்றை அவர் கொடுத்தார்.

நம் நாட்டுக் கரைகளில் இத்தகைய புயல்கள் ஏன் வருவதில்லை என்ற கேள்வி இங்கு எழலாம். புவி சுழல்வதால் உண்டாகும் திருப்பு விசையே புயலைச் சுழல வைக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அவ்விசை மிகவும் குறைவு. மலேசியாவும் சிங்கப்பூரும் அக்கோட்டை ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. விதிவிலக்காக, 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் ‘வாமெய்’ என்ற புயல் ஜொகூரில் கரையேறியது. பிடிங்டன் இருந்திருந்தால் அதன் குறிப்புகளுக்காக எத்தனை கடிதங்கள் எழுதியிருப்பாரோ!

கப்பல்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டே இருந்தபோது, புயலின் வேறொரு முகமும் அவர் கவனத்துக்கு வந்தது. கோதாவரி ஆற்று முகத்தில் கொரிங்கா என்ற துறைமுக ஊர் இருந்தது. 1789ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே கடல் மூன்று பேரலைகளாக எழுந்து ஊரை மூழ்கடித்தது. 1839ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் ஒரு புயல் அவ்வூரைப் பாழாக்கியது. மக்களைக் கொன்றது பெரும்பாலும் காற்று அன்று, தண்ணீர். புயலின் காற்று கடல்நீரைக் கரை நோக்கிக் குவித்துத் தள்ளுகிறது. வங்கக் கடலின் வடபகுதி புனல் போல் ஒடுங்கியும் ஆழம் குறைந்தும் இருப்பதால், தள்ளப்பட்ட நீர் பரவ இடமின்றி மேலெழுகிறது. பிடிங்டன் இதைப் ‘புயல் அலை’ என்று பெயரிட்டு எழுதினார்.

அந்த அறிவைச் சொல்ல வேண்டிய வேளையும் வந்தது. கல்கத்தாவுக்குக் கப்பல்கள் வரும் ஹூக்ளி ஆற்றில் மண் மேடிட்டு வந்தது. ஒருநாள் துறைமுகமே பயன்படாமல் போய்விடும் என்று வணிகர்கள் அஞ்சினர். சுந்தரவனக் காடுகளின் ஓரத்தில், ஆழமான மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் ஒன்றை அமைக்கலாம் என்ற திட்டம் உருவானது. சிங்கப்பூருக்குப் போட்டியாக ஒரு நகரம் வளரும் என்றுகூடச் சிலர் கனவு கண்டனர்.

பிடிங்டன் வரைபடத்தைப் பார்த்தார். மாத்லா ஆறு அகன்ற வாயுடன் நேரே கடலைப் பார்த்துத் திறந்திருந்தது. நிலமோ கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம். வங்கக் கடல் புயல்கள் எவ்வழியாக வருகின்றன என்பதைப் பதினான்கு ஆண்டுகளாக வரைந்து பார்த்தவர் அவர். 1853ஆம் ஆண்டு, அப்போதைய தலைமை ஆளுநர் டல்ஹவுசி பிரபுவுக்குக் கடிதம் ஒன்றை எழுதி, அதை நூலாகவும் அச்சிட்டார். அவ்விடத்தில் நகரம் அமைத்தால், ஒருநாள் புயலின் நடுவில் உப்புநீர்ப் பெருக்கு உருண்டு வந்து குடியிருப்பு முழுவதையும் ஐந்து முதல் பதினைந்து அடி ஆழத்தில் மூழ்கடிக்கும் என்று அதில் தெளிவாக எச்சரித்தார். எந்த ஆண்டு என்று அவரால் கூற முடியாது. ஆனால், வரும் என்பதில் அவருக்கு ஐயமில்லை.

திட்டம் நிற்கவில்லை. 1858ஆம் ஆண்டு பிடிங்டன் கல்கத்தாவில் காலமானார். அதன் பின்னர் மாத்லா கரையில் துறைமுகம் எழுந்தது. அடுத்த தலைமை ஆளுநர் கேனிங் பிரபுவின் பெயரால் அதற்குப் ‘போர்ட் கேனிங்’ என்று பெயரிட்டனர். கல்கத்தாவிலிருந்து இரயில் பாதை போடப்பட்டது. நகராட்சியும் அமைந்தது. துறைமுக நிறுவனத்தின் பங்குகளை வாங்க வணிகர்கள் முண்டியடித்தனர்.

1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், பெரும்புயல் ஒன்று கல்கத்தாவையே தாக்கியது. புயல் அலை ஹூக்ளி ஆற்றுக்குள் நுழைந்தது. பல்லாயிரக்கணக்கானோர் இறந்தனர், துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் கரைமேல் குவிந்தன. அதன் பிறகே அரசு விழித்துக்கொண்டது. மறு ஆண்டு கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875ஆம் ஆண்டு இந்திய வானிலைத் துறை உருவானது.

போர்ட் கேனிங்கின் முறை 1867ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வந்தது. அன்று வீசிய புயல், கல்கத்தாவை அழித்த புயலைப் போன்ற கொடிய புயல் அன்று. ஆறு அடி உயரப் புயல் அலை மாத்லா ஆற்றின் வழியே ஏறி வந்தது. பிடிங்டன் சொன்ன அளவில் அது கீழ் வரம்புக்குச் சற்று மேல்தான். அதுவே போதுமானதாக இருந்தது. இரயில் நிலையக் கட்டடமும் சரக்குக் கொட்டகைகளும் விடுதியும் விழுந்தன. ஆற்றில் நங்கூரமிட்டிருந்த துறைமுக அதிகாரிகளின் கப்பல் கட்டறுந்து அடித்துச் செல்லப்பட்டது. கப்பல்கள் அத்துறைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டன. சில ஆண்டுகளில் அரசு துறைமுகத்தை மூடிவிட்டது.

கேனிங் இன்றும் இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து இரயிலில் வந்து சுந்தரவனத்துக்குச் செல்வோர் இறங்கும் ஊர் அது. ஆழம் மிகுந்தது என்று அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட மாத்லா ஆறு, இன்று அவ்வூர் அருகே மண் மேடிட்டுக் கிடக்கிறது. கப்பல்கள் கைவிட்டுவிடும் என்று அஞ்சிய ஹூக்ளி ஆற்றில் கப்பல்கள் இன்னும் கல்கத்தாவுக்கு வந்துகொண்டிருக்கின்றன.